குப்பை மெயிலை வடிகட்டக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: இன்டர்நெட் இணைப்பு வாங்கியபோது கிடைத்த மெயில் முகவரியைப் பதினைந்து வருடமாக வைத்திருக்கிறேன். தினமும் எழுபது, எண்பது குப்பை மெயில் வருகிறது. ‘தானே கற்றுக்கொள்ளும்’ ஸ்பேம் மென்பொருளை வருடத்துக்கு 1,500 ரூபாய் கட்டி வாங்கச் சொல்கிறார் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். வாங்கலாமா? வேண்டிய மெயிலும் குப்பையோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள். இதே வேலையைத் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் இலவசமாகச் செய்கிறது.

கற்றுக்கொள்வது என்றால் சொற்களை எண்ணுவதுதான். ஒரு சொல் குப்பையில் எத்தனை முறை வந்தது, நல்ல மெயிலில் எத்தனை முறை வந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டு, புதிதாக வரும் மெயிலை அதை வைத்து எடைபோடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேயஸ் என்ற பாதிரியாரின் நிகழ்தகவுத் தேற்றம்தான் அடிப்படை. 2002இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் இதை எளிமையாக விளக்கி எழுதிய பிறகு பாப்ஃபைல், ஸ்பேம்பேயஸ் என்று இலவச மென்பொருள்கள் வரிசையாக வந்தன. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட முறைக்கு எதற்கு வருடச் சந்தா?

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ‘கடன்’ என்ற சொல் உங்களுக்குக் குப்பையின் அடையாளமாக இருக்கலாம். வங்கியில் வேலை பார்ப்பவருக்கு அது அன்றாடப் பேச்சு. எனக்கு வரும் குப்பை அநேகமாக ஆங்கிலம், வீட்டார் எழுதுவது தமிழ். அதனால் ‘அண்ணி’, ‘நலம்’ என்று இருந்தாலே என் வடிகட்டி வழிவிட்டுவிடுகிறது.

ஆனால் அதைப் பழக்க வேண்டியவர் நீங்கள்தான். குப்பையைப் பார்த்ததும் அழித்துவிடுவது பலருடைய பழக்கம். அழித்தால் அது ஒன்றும் கற்றுக்கொள்ளாது. ‘ஜங்க்’ என்று குறியுங்கள். நல்ல மெயில்களையும் ‘ஜங்க் அல்ல’ என்று குறித்துக் காட்டுங்கள். இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். குப்பையை மட்டுமே பார்த்துப் பழகிய வடிகட்டிக்கு எல்லாமே குப்பையாகத்தான் தெரியும். எனக்கே ஒருமுறை கரண்ட் பில் மெயில் ஜங்க் பெட்டிக்குள் போய், கட்ட வேண்டிய தேதி தாண்டிவிட்டது.

உங்கள் பயம் நியாயமானதுதான். தெரிந்தவர்களின் முகவரிகளை முகவரிப் புத்தகத்தில் சேர்த்து, அவர்களின் மெயிலை ஜங்க் ஆக்க வேண்டாம் என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள். பழைய ஜங்க்கைத் தானாக அழிக்கும் வசதியை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் மாதம் தினமும் ஒருமுறை அந்தப் பெட்டியைப் புரட்டிப் பாருங்கள்.

மற்ற மெயில்களைப் பில், வங்கி, குடும்பம் என்று பிரிக்க, அனுப்புபவர் முகவரியை வைத்துச் சாதாரண விதிகள் எழுதினாலே போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வடிகட்டி உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருப்பது. கம்ப்யூட்டரை அணைத்திருக்கும்போது போனில் மெயில் பார்த்தால் குப்பையும் சேர்ந்தே தெரியும். அது தொல்லை என்றால், உங்கள் இணைப்பு நிறுவனத்தின் வெப்மெயிலில் (பிரௌசரில் மெயில் பார்க்கும் பக்கத்தில்) ஸ்பேம் வடிகட்டி இருக்கிறதா, போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் ஜிமெயிலில் ஒரு புது முகவரி தொடங்கி, வங்கியையும் உறவினர்களையும் மெதுவாக அங்கே மாற்றிவிடுங்கள். அங்கும் ஸ்பேம் பெட்டியை அவ்வப்போது பாருங்கள்; அதில் இருக்கும் மெயில்கள் 30 நாளில் தானாக அழிந்துவிடும்.