மகளின் பாட்டு ரேடியோவில் வந்தால் காசு வருமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதியிருந்த ஐயாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் தானே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுகிறாள். ஒரு ஆடியோ கம்பெனி மூன்று பாட்டுக்கு 15,000 ரூபாய் தருவதாகவும், எஃப்.எம்.மில் போட்டுப் பெயர் வாங்கித் தருவதாகவும் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா, பாட்டை நம்பிப் படிப்பு கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கையெழுத்து. இப்போது இருக்கிற வடிவத்தில் போடாதீர்கள். மகளுக்கு இன்னும் 18 முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மைனர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் நம் சட்டத்தில் செல்லாது. அதனால்தான் உங்களிடம் வருகிறார்கள். மகளின் உழைப்பு யார் கைக்குப் போகிறது என்பதை அந்தத் தாளில் முடிவு செய்யப்போவது நீங்கள்தான்.

நீங்கள் மா விவசாயி என்பதால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். இந்த வருஷக் காய்க்குத் தோப்பைக் குத்தகை விடுவது வேறு, கிரயம் எழுதிக் கொடுப்பது வேறு. நீங்கள் அனுப்பிய நகலில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களுக்கும்’ என்று இருக்கிறது. அது கிரயம். எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடங்களும் பாட்டுக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை உண்டு. அத்தனையையும் 15,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாமல் விட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டு, 5 வருடம், இன்னின்ன ஊடகம் என்று எழுதச் சொல்லுங்கள்.

அதே நகலில் ‘இனி எந்த ராயல்டியும் கோரமாட்டேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. ராயல்டி என்பது பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் அதைப் படைத்தவருக்கு வர வேண்டிய பங்கு. இதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. 1977-இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, படத்துக்குப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ஒருமுறை கூலி வாங்கியதோடு ஒதுங்க வேண்டிய நிலை பல வருடம் இருந்தது. பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும், எழுதியவர் வீட்டுக்கு ஒன்றும் வராது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. உரிமையை வாங்கியவரோடு சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். திரையரங்கில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு. தனிப்பாடல் பதிவுகளுக்கும் இது பொருந்தும். விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அந்த வரி செல்லாது. தெரிந்தே அதைச் சேர்க்கிற கம்பெனியோடு பேசும்போது கவனம் வேண்டும்.

சரி, ரேடியோ எப்படிக் காசு கொடுக்கிறது? ஒரு பாட்டு ஒலிபரப்பானால் அதில் பலருடைய உரிமை இருக்கிறது. ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரரான கம்பெனிக்கு ஒரு தொகை. பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனித் தொகை; அதை வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு. பாடகர்களுக்கும் 2012 திருத்தம் உரிமை கொடுத்தது. அடுத்த வருடமே அவர்களுக்கென்று ஒரு சங்கம் வந்தது. ஆனால் சட்டம் வந்ததும் காசு வந்துவிடவில்லை. பதிவுக்குக் கொடுத்தாகிவிட்டது, வரிக்கும் மெட்டுக்கும் தனியாக எதற்கு என்று எஃப்.எம். நிறுவனங்கள் வழக்காடின. கொடுத்தாக வேண்டும் என்று பாம்பே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது 2023 ஏப்ரலில்தான்.

ரேடியோ பாடகர்களுக்கு ஒன்றும் தராதாமே என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அது அமெரிக்கக் கதை. அங்கே ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் மட்டும் கொடுக்கும். பாடியவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் கிடையாது. உங்கள் மகள் எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது மூன்றையும் செய்கிறவள். அதனால் மூன்று இடத்திலும் அவள் பெயரே பதிவாக வேண்டும். பாட்டு வெளியான உடனே ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்யுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பங்கு போகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தனியார் எஃப்.எம்.கள் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான் போடுகின்றன. புதுப் பெண்ணின் தனிப்பாடல் அங்கே தினமும் சுழலும் என்று கணக்குப் போடாதீர்கள். சில வருடத்துக்கு ராயல்டி வந்தாலும் அது கைச்செலவுக்குக்கூடக் காணாது. அந்த ஒப்பந்தத்தில் ‘விளம்பரச் செலவை அவள் பங்கில் கழித்துக்கொள்வோம்’ என்ற வரி வேறு இருக்கிறது. அது இருந்தால் அந்தக் கொஞ்சமும் வராது, அடித்துவிடுங்கள். ஒலிபரப்புவதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தப் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதிலாகப் பக்கத்திலேயே இருக்கும் தருமபுரி வானொலியை நாடலாம். ஆகாசவாணியில் குரல் தேர்வு உண்டு. தேர்ச்சி பெற்றால் பி, பி-ஹை, ஏ என்று தரம் கொடுத்து, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டு ஊதியம் தருவார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் பாடியதற்கு முறையாகக் கூலி வாங்கும் பழக்கம் இந்த வயதிலேயே வந்துவிடும், அந்தத் தரம் பிற்பாடு கச்சேரிக்கும் உதவும்.

படிப்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒரு பட்டம் கட்டாயம் வேண்டும், ஆனால் பாட்டை நிறுத்திவிட்டு அல்ல. வெளியூர் அனுப்ப மனம் இருந்தால் கோவை அரசு இசைக் கல்லூரியைப் பாருங்கள். இல்லையென்றால் பர்கூர் அரசு மகளிர் கல்லூரியில் ஒரு பட்டம் படிக்கட்டும். கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை மூன்று வருடம் சொல்லித் தருகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க நேரம் ஒத்துவருமா என்று நேரில் கேளுங்கள். அவளுக்கு ஒலிப்பதிவில் ஆர்வம் இருந்தால் சென்னை தரமணியில் உள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. பாடகிக்கு வேலை இல்லாத மாதங்களில் ஸ்டுடியோ வேலை கைகொடுக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பாட்டு எழுதிய நோட்டு, போனில் பாடிப் பதிந்த கோப்புகள், தேதியோடு எதையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். பதிப்புரிமை எழுதிய கணமே வந்துவிடும், ஆனால் தகராறு என்று வந்தால் ஆதாரம் கேட்பார்கள். கம்பெனி அவசரப்படுத்தினால், வக்கீல் பார்க்கிறார் என்று சொல்லி அவகாசம் கேளுங்கள். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மகளோடு நேரில் போங்கள். அவர்கள் திருத்திக் கொடுத்த பிறகு எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.