ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும் விடைத்தாள்கள்

கேள்வி: கலைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். மூன்று செக்‌ஷன், ஒவ்வொன்றிலும் 70 பேர். செமஸ்டருக்கு இரண்டு இன்டர்னல், போதாததற்கு அசைன்மென்ட். ஞாயிற்றுக்கிழமைகூட விடைத்தாள் கட்டோடுதான் விடிகிறது. கட்டின் அடியில் இருப்பவர்களுக்கு நியாயமாக மார்க் போடுகிறேனா என்றும் சந்தேகம்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 210 தாள், தாளுக்குப் பத்து நிமிடம் என்றால் 35 மணி நேரம். ஆறு நிமிடமானால் 21. வேகமாகப் படித்து இதைக் குறைக்க முடியாது. எழுதுவதைக் குறைத்தால் முடியும்.

நானும் பல வருடம் ஓரமெல்லாம் சிவப்பு மையால் நிரப்பியவன்தான். தாளைக் கொடுத்ததும் பசங்க மார்க்கைப் பார்ப்பார்கள், பக்கத்து பெஞ்சுக்காரன் மார்க்கைப் பார்ப்பார்கள், கூட்டலில் அரை மார்க் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். நான் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிய தாளில் ஒருவன் பஜ்ஜி எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்ததை கேன்டீனில் பார்த்தேன். அன்றோடு விட்டேன்.

இப்போது பிழையைச் சுழிப்பதோடு சரி. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து, திரும்பத் திரும்ப வரும் தவறுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது தாள் தாண்டினால் புதிதாக எதுவும் வராது: 'டிட் நாட் வென்ட்', கேள்வியைப் படிக்காமல் தெரிந்த கதையை எழுதுவது, இப்படி ஐந்தாறு. அடுத்த வகுப்பில் பதினைந்து நிமிடம் கரும்பலகையில் போட்டு விளக்கினால் எழுபது பேருக்கும் சேரும்.

இனி உங்கள் சந்தேகம். ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்தாதீர்கள். 11ஆம் கேள்வியை எழுபது தாளிலும் முடித்துவிட்டு 12க்குப் போங்கள். ஐந்து மார்க்கில் கருத்துக்கு எவ்வளவு, உதாரணத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்துவிட்டால், அது மனதில் நிற்கும். கை தானாக ஓடும். ஒரு நல்ல விடையின் மயக்கம் அதே பையனின் அடுத்த விடைக்கும் தொற்றாது. ஒவ்வொரு கேள்விக்கும் கட்டைத் தலைகீழாக்குங்கள், அடியில் இருப்பவர்கள் மேலே வருவார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் பெயர் தெரியாமலிருக்க டம்மி நம்பர் போடுகிறார்களே, வீட்டில் முதல் பக்கத்தை மடித்துவைத்தாலே பாதி வேலை முடிந்தது. கையெழுத்தை என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதற்கு வழியில்லை.

அசைன்மென்ட்? ஒரே தலைப்பைக் கொடுத்தால் ஒரே இணையதளத்தை 210 முறை படிக்க வேண்டியதுதான். ஐந்து பேருக்கு ஒன்று என்று குழுவாகக் கொடுங்கள், 42தான் வரும். மூன்று செக்‌ஷனுக்கும் வாரம் தள்ளிக் கெடு வையுங்கள். இதையெல்லாம் துறைத்தலைவரிடம் செமஸ்டர் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். நடுவில் போனால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்மா' என்பார்.