ஒகாடா இஸோ – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சமீபத்தில் ஒரு அனிமே பார்த்தேன். ஜப்பானில் ஷோகன் என்ற ராணுவத் தலைவர்களின் ஆட்சி முடியும் காலத்தில், பேரரசர் வாழ்ந்த கியோட்டோவில் திரிந்த 'ஹிதோகிரி' (ஆள்வெட்டி) கொலையாளிகளைப் பற்றியது. தனியாளாக இரவில் வந்து, ஒரே வீச்சில் எதிரியைச் சாய்க்கிறான் நாயகன். பிறகு மனம் வருந்தி, இனிக் கொல்வதில்லை என்று முடிவெடுக்கிறான். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. நிஜத்தில் அவர்கள் அப்படித்தான் இருந்தார்களா? சாமுராய் தர்மம் என்கிறார்களே, அது அவர்களிடம் இருந்ததா? கொன்றதற்காக யாராவது வருந்தினார்களா?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

வழக்கமாக நான்கு பேரைச் சொல்வார்கள். தோசா என்ற சிற்றரசின் ஒகாடா இஸோ, சத்சுமா சிற்றரசின் தனகா ஷின்பெய், நகமுரா ஹன்ஜிரோ, குமமோட்டோவின் கவகாமி கென்சாய். நால்வரையும் சேர்த்து ஒரு கூட்டமாக்கியவை பின்னாளில் வந்த கதைகள். நான் இஸோவைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். நீங்கள் கேட்ட தர்மம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அவன் வாழ்க்கையில்தான் நன்றாகத் தெரிகிறது.

இஸோ 1838இல் பிறந்தவன். தோசாவில் சாமுராய்களுக்குள்ளேயே மேல், கீழ் என்று கடுமையான பிரிவு உண்டு. அவன் குடும்பம் கீழ்த்தட்டு, அப்பா காலாட்படையில் சேர்ந்தவர். வாள் கற்கப் போன இடத்தில் அவனுக்குக் கிடைத்த குரு தகேச்சி ஹன்பெய்டா. அவர் இஸோவை ஷோகனின் தலைநகரான எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) அழைத்துப்போய்ப் பெரிய பயிற்சிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். 1860இல் கியூஷூ பக்கம் பயணம் போனபோதும் கூட்டிப்போனார். ஆனால் பயணச் செலவை இஸோவின் வீடு தாங்காது என்று பாதி வழியில், ஓகா என்ற சிற்றரசில் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, தான் மேலே போனார். இந்த விவரத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். எங்கே இருப்பது, எப்போது கிளம்புவது என்பதைக்கூட அவன் முடிவு செய்யவில்லை.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1853இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்தன. 1858இல் பேரரசரின் ஒப்புதல் இல்லாமலே ஷோகன் அரசு வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போட்டது. எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளி, சிலரின் தலையையும் எடுத்த தலைமை அமைச்சர் ஈ நவோசுகேயை 1860இல் எடோ கோட்டை வாசலிலேயே வெட்டிக் கொன்றார்கள். அதிலிருந்து அரசியல் என்பது கொலையாகவே ஆனது. பேரரசர் பக்கம் நின்ற இளைஞர்கள் அதற்குத் 'தென்சூ', அதாவது வானம் தரும் தண்டனை என்று பெயர் வைத்தார்கள்.

1862 மே மாதம் தோசாவின் மூத்த நிர்வாகி யோஷிதா தோயோவை, பேரரசர் அணியில் நின்ற தகேச்சியின் ஆட்கள் கொன்றார்கள். அதைத் துப்புத் துலக்க வந்த அதிகாரி இனோவே சாயிச்சிரோ. ஒசாகாவில் இஸோவும் இன்னும் சிலரும் அவரைக் குடிக்கக் கூட்டிப்போனார்கள். நன்றாகப் போதை ஏறியதும் கழுத்தை நெரித்து தோதொன்போரி ஆற்றில் தள்ளிவிட்டார்கள். நேருக்கு நேர் மோதல் எதுவும் அங்கே நடக்கவில்லை. அடுத்து ஹொன்மா செயிச்சிரோ. அவர் எதிரிகூட இல்லை, இவர்கள் அணியிலேயே பேச்சு வன்மையோடு இருந்தவர். பலர் சூழ்ந்து வெட்டி, தலையை ஆற்றங்கரையில் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு போலீஸ் உளவாளி புன்கிச்சி. இவனுக்காக வாளை அழுக்காக்குவானேன் என்று கயிற்றால் நெரித்து, உடலைச் சன்ஜோ ஆற்றங்கரையில் கட்டிவைத்தார்கள்.

தனியாள், ஒரே வீச்சு என்று நீங்கள் பார்த்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். நடந்ததெல்லாம் கூட்டமாக, இருட்டில், பெரும்பாலும் தப்ப வழியில்லாத ஒருவன்மேல்.

1863இல் தோசாக்காரரான சகாமோட்டோ ர்யோமா ஏற்பாடு செய்து, ஷோகன் அரசின் கடற்படை அதிகாரி கட்சு கைஷூவுக்கு இஸோ கொஞ்சநாள் காவலாக இருந்தான். ஒரு இரவு கியோட்டோத் தெருவில் மூன்று பேர் கட்சுவை வெட்ட வந்தார்கள். இஸோ பாய்ந்து ஒருவனை வெட்டினான், மற்ற இருவரும் ஓடிப்போனார்கள். பிறகு கட்சு அவனிடம், ஆட்களைக் கொல்வதில் இப்படி விருப்பம் வைக்காதே, குணத்தை மாற்றிக்கொள் என்றாராம். அதற்கு இஸோ, ஐயா, அன்றைக்கு நான் இல்லாவிட்டால் உங்கள் தலை போயிருக்குமே என்றான். தனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை என்று கட்சுவே முதுமையில் நினைவுகூர்ந்தார். வருத்தம் பற்றிக் கேட்டீர்கள். இஸோ பேசியதாக நமக்குக் கிடைப்பதில் வருத்தம் இல்லை. கற்றுத் தந்த வேலையைச் செய்தவனின் வெள்ளந்தியான பதில்தான் இருக்கிறது.

அப்புறம் அரசியல் காற்று திரும்பியது. தகேச்சி தோசாவில் சிறைக்குப் போனார். இஸோ ஊர் பேர் இல்லாதவனாகக் கியோட்டோவில் அலைந்து, 1864இல் பிடிபட்டான். சொன்ன பெயரும் பொய்ப்பெயர். குற்றவாளி என்று பச்சை குத்தி, நகரைவிட்டுத் துரத்தினார்கள். காத்திருந்த தோசா அதிகாரிகள் அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள்.

சிறையில் இஸோவைச் சித்திரவதை செய்தார்கள். தாங்காமல் எல்லாரையும் காட்டிக்கொடுத்தான். இதற்காகவே அவனைக் கோழை என்று எழுதியவர்கள் உண்டு, எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஏனென்றால் அதே சிறையில் இருந்த தகேச்சியை அவருடைய அந்தஸ்து காரணமாக யாரும் தொடவில்லை. அவர் படம் வரைந்துகொண்டிருந்தார், வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கடிதத்தில் இஸோவை முட்டாள் என்று திட்டி, சீக்கிரம் செத்துத் தொலைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார். அவனைப் பெற்றவர்கள் எவ்வளவு அழுவார்களோ என்றும் அதிலேயே எழுதுகிறார். கை வலிக்கும்வரை வாள் பிடிக்கக் கற்றுத் தந்தவர் எழுதிய வரிகள் இவை. படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போனது.

1865 ஜூலை 3 அன்று இருவரும் இறந்தார்கள். தகேச்சிக்கு 'செப்புக்கு', அதாவது தானே வயிற்றைக் கிழித்துச் சாகும் மரியாதை கிடைத்தது. வயிற்றை மூன்று முறை குறுக்காகக் கிழித்துக்கொண்டார் என்று இன்றும் வியந்து பேசுகிறார்கள். இஸோவின் தலையைச் சாதாரணக் குற்றவாளியின் தலையைப் போல வெட்டி, ஆற்றங்கரையில் வைத்தார்கள். ஷோகன் ஆட்சி விழுந்தபின் வந்த பேரரசரின் புதிய அரசு 1891இல் தகேச்சிக்கும் ர்யோமாவுக்கும் இன்னும் இரு தோசாக்காரர்களுக்கும் அரசவைப் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. அந்த நால்வரில் இஸோ இல்லை. நீங்கள் கேட்ட சாமுராய் தர்மம் கட்டளையிட்டவருக்குத்தான் கிடைத்தது. ஏவப்பட்டவனுக்கு அதில் பங்கு இல்லை.

மற்றவர்களில் இருவரைப் பற்றிச் சுருக்கமாக. கவகாமி கென்சாய் 1864இல் பட்டப்பகலில், மேல்நாட்டுச் சேணம் பூட்டிய குதிரையில் வந்த அறிஞர் சகுமா ஷோசானை வெட்டினார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கொல்லவில்லை என்று ஒரு கதை உண்டு. உங்கள் அனிமே நாயகனுக்கு அருகில் வருபவர் இவர்தான். ஆனால் வெளிநாட்டார் எதிர்ப்பை விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால், அவர் யாருக்காக வாளெடுத்தாரோ அந்தப் புதிய அரசே 1872இல் அவருக்கு மரண தண்டனை கொடுத்தது.

நகமுரா ஹன்ஜிரோ ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஆனார். சத்சுமா ஜெயித்த பக்கம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 1877இல், புதிய அரசை எதிர்த்துச் சத்சுமாத் தலைவர் சைகோ நடத்திய கலகத்தில் இறந்தார். அவர் 1867இல் கியோட்டோ தெருவில் வெட்டிச் சாய்த்தது அகமாட்சு கொசபுரோவை. ஆங்கிலேயப் படைப்பயிற்சி நூலை மொழிபெயர்த்தவர், சத்சுமா வீரர்களுக்கே அதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். மக்கள் பிரதிநிதிகள் சபை வேண்டும் என்று அதே வருடம் மனு எழுதிக்கொடுத்தவர். ஊருக்குத் திரும்பினால் ராணுவ ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயத்தில் கொன்றார்கள். நகமுரா தன் டைரியிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

வெட்டியவர்களைப் பற்றி எவ்வளவோ படங்கள் வந்துவிட்டன. அடுத்த கடிதத்தில் அகமாட்சுவைப் பற்றிக் கேளுங்கள், எழுதுகிறேன்.

அன்புடன்