கேள்வி–பதில்: ரோடு போடும் முன் படம் எதற்கு?

(தெரு, சாக்கடை, குடிநீர்க் குழாய் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தர்மபுரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊரில் 14 குடியிருப்புத் தெருக்களைச் சீரமைக்க, அளவெடுத்து வரைபடமும் எஸ்டிமேட்டும் தயாரிக்கும் வேலையை ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்துக்கு நகராட்சி கொடுத்தது. இப்போது இன்னும் 9 தெருக்களை அதே ஒப்பந்தத்தில் சேர்த்து, கூடுதல் தொகைக்குத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்டவில்லை. படம் போடவே இவ்வளவு பணமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் படத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். படம் இல்லாமல் போட்ட ரோடுகளை முப்பது வருஷம் பார்த்தவன் நான். அதில் ஒன்று நானே போட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். மார்ச் முடிவதற்குள் நிதியைச் செலவு செய்தாக வேண்டும் என்ற அவசரம். அடுத்தடுத்து இரண்டு தெரு. அகலம் ஒன்றுதான், நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் தெருவுக்கு அளவெடுத்தோம். இரண்டாவதற்கு அதே எஸ்டிமேட்டில் தெருப் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் தெரு கிழக்கே சரிந்து ஓடையில் போய் இறங்குகிறது. இரண்டாவதோ நடுவில் தட்டு மாதிரி குழிந்து கிடந்தது. நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, மட்டம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஐப்பசி மழையில் நாலு வீட்டுக்குள் தண்ணீர் போய்விட்டது. ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் கேழ்வரகு மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவைத்து, பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "ரோடு போடறதுக்கு முன்னாடி இந்தத் தெருவுக்கு வந்து பார்த்தியா சாமி?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அதற்கப்புறம் வேலை பார்த்த எந்த ஊரிலும் நடந்து பார்க்காத தெருவுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

படம் என்றால் காகிதத்தில் கோடு இழுப்பது மட்டும் இல்லை ஐயா. பத்து மீட்டருக்கு ஓரிடத்தில் தெருவின் நடு, இரண்டு ஓரம், சாக்கடையின் அடிமட்டம், வீட்டு வாசற்படி எல்லாவற்றுக்கும் மட்டம் எடுக்க வேண்டும். அப்புறம் சோதனைக் குழி தோண்ட வேண்டும். தெருவின் கதை அந்தக் குழியில்தான் இருக்கிறது. மேலே தார், அதன் அடியில் பழைய தார், அதற்கும் கீழே இன்னொரு தார், பிறகு கப்பிக்கல். ஒரு அடி ஆழத்தில் யாரோ தன் வீட்டுக்கு இழுத்த பிளாஸ்டிக் குழாய் குறுக்கே வந்து நிற்கும். அதற்கும் கீழே இருக்கும் மண்ணை எடுத்து, அச்சில் இடித்து, நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இரும்புத் தண்டால் அழுத்தி எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். இதைத்தான் சி.பி.ஆர். சோதனை என்பது. ஊறினாலும் கெட்டியாக நிற்கிற சரளை மண் உண்டு. ஏரியை ஒட்டி மனை போட்ட இடங்களில் களிமண் ஊறினால் குழைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே கனத்தில் ரோடு போட்டால் ஒரு தெருவில் பணம் வீண், இன்னொரு தெருவில் ரோடே வீண்.

ஒரு பேச்சுக்கு, தெருவுக்கு 20 லட்சம் செலவு, படத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் 40,000 ரூபாய். மட்டம் தப்பிப்போன கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து மறுபடி போட அந்தப் பணம் எந்த மூலைக்கு?

சரி, 9 தெருக்களைப் பழைய ஒப்பந்தத்திலேயே சேர்த்தது முறையா? அவை அந்த 14 தெருக்களோடு ஒட்டியவையாக இருந்தால், என் கணக்கில் அது நல்ல முடிவு. மேல்தெருச் சாக்கடை கீழ்த்தெருவில்தான் வந்து சேரும். மேல்தெருவுக்கு ஒருவர், கீழ்த்தெருவுக்கு இன்னொருவர் என்று படம் போட்டால், இரண்டு சாக்கடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நிற்கும். ஆனால் ஊரின் வேறு மூலையில் இருக்கும் தெருக்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான். வாங்கும் பொருளுக்கு மட்டுமல்ல, இந்த மாதிரி சேவைக்கும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும். மூல ஒப்பந்தத்தில் கூடுதல் வேலைக்கு இடம் இருக்கிறதா, பழைய விகிதமா புது விகிதமா, புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு தெருவுக்கும் தனியாக மட்டமும் குழியும் உண்டா என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். 14 தெருவில் எடுத்த மண் சோதனையை 9 தெருவுக்கும் ஒட்டவைத்தால், நான் அன்றைக்குச் செய்த அதே தப்பைத்தான் இவர்களும் செய்கிறார்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மழைக்கு எந்தத் தெருச் சாக்கடையும் ஈடுகொடுக்காது. ஆனால் மழை விட்ட பிறகு தண்ணீர் எந்தத் தெருவில் வடியும், எந்தத் தெருவில் நாள்கணக்கில் நிற்கும் என்பது மட்டத்தைப் பொறுத்தது.

கேள்வி: கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டுக்கு மூன்று படி. இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது. மறுபடியும் ரோடு போடப்போகிறார்கள். என்ன செய்வது?
– இல்லத்தரசி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அம்மா, இதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போனதால் வந்த வினை இது. 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குத்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். இதை மில்லிங் என்பார்கள். எஸ்டிமேட்டில் மில்லிங் என்று ஒரு வரி இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், வேலைக்கு வருகிற ஒப்பந்ததாரரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. அவருக்கு அதற்குப் பணம் இல்லை. இன்றைக்கே வாசற்படியில் ஒரு டேப்பை வைத்து, ரோட்டிலிருந்து உயரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். மனு கொடுக்கும்போது அதுவும் கூடவே போகட்டும்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் நல்லதா, கான்கிரீட் நல்லதா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இனிமேல்தான் குழாய் பதிக்கப்போகிறார்கள் என்றால் பேவர் பிளாக். கல்லைப் பெயர்த்துக் குழாயைப் போட்டுவிட்டு அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். குழாய் வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்றால் கான்கிரீட். மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு வெட்டு விட்டு, இரண்டு வாரம் ஈரச்சாக்கு காயாமல் தண்ணீர் விட வேண்டும். எதைப் போட்டாலும் குழாய்ப் பள்ளத்தை மூடும்போது ஒரே தடவையில் மண்ணைத் தள்ளிவிடாமல், அரை அடி அரை அடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்கச் சொல்லுங்கள். புது ரோட்டில் நீளவாக்கில் விழும் பள்ளம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: எங்கள் தெருவின் வரைபடத்தைக் கேட்டால் "அதெல்லாம் காட்ட மாட்டோம்" என்கிறார்கள். வாங்க வழி உண்டா?
– கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: உண்டு தம்பி. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தெருவின் நீளவாக்கு மட்டப்படம், குறுக்குவெட்டுப் படம், மண் சோதனை அறிக்கை, அளவுப் புத்தகத்தின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மொத்தமாக 'ரோடு விவரம்' என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும் உரிமை கொடுக்கிறது. குறுக்குவெட்டுப் படம் கையில் வந்ததும் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள சரிவைப் பாருங்கள். 6 மீட்டர் அகலமுள்ள தார் ரோட்டில் நூற்றுக்கு இரண்டரை சரிவு என்றால், நடுவை விட ஓரம் 7.5 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு நூலும் ஸ்கேலும் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம்.

கேள்வி: எங்கள் காம்பவுண்டு சுவரில், கேட்டுக்குப் பக்கத்தில், சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போட்டு 'பி.எம். 100.000' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டை இடிக்கப்போகிறார்களோ என்று அம்மா பயப்படுகிறார். அழித்துவிடலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பெஞ்ச் மார்க். அந்தக் கோட்டை 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, தெருவில் மற்ற எல்லா இடமும் அதைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று குறித்திருப்பார்கள். ரோடு போடுகிற அன்றைக்கு, அளவுகோலை அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அது அழிந்தால் உங்கள் தெருவின் மட்டக் கணக்குக்குப் பிடிமானம் போய்விடும். பொங்கலுக்குச் சுவரில் வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.