ஏலகிரி ஏற்றத்தில் கறுப்புப் புகை: டர்போ ஹோஸை முதலில் பாருங்க

உங்க டீசல் எஸ்டேட் கார் (பின்பக்கம் நீண்ட டிக்கி உள்ள கார்) ஏலகிரி மலை ஏறும்போது இழுக்காமல் கறுப்புப் புகை விடுதுன்னு கேட்டிருந்தீங்க. இன்ஜெக்டரை (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) இப்போதைக்குக் கழற்ற விடாதீங்க. ஏற்றத்தில் மட்டும் இழுவை போய் கறுப்புப் புகை வருதுன்னா, ஊற்றுற டீசலுக்கு ஏற்ற காற்று இன்ஜினுக்குப் போகலைன்னு அர்த்தம். எனக்குத் தெரிந்து டர்போவிலிருந்து (காற்றை அழுத்தி இன்ஜினுக்குத் தள்ளும் பாகம்) இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிர வைக்கும் பாகம்) போகும் ரப்பர் ஹோஸில்தான் வெடிப்பு இருக்கும். வேலூர்–ஆம்பூர் நெடுஞ்சாலையில் வண்டி நல்லா ஓடுதுன்னு எழுதியிருந்தீங்களே, அதுவும் இதோடு பொருந்துது. லோடு ஏறி அழுத்தம் கூடும்போதுதான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். என் டீசல் எஸ்டேட்டும் 14 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டாமல் திணறியது. ஹோஸ் மாற்றியதும் சரியாயிடுச்சு.

1. இன்ஜின் ஆறினதும் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்க. வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம்தான். ஒரே இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு திரண்டிருந்தால் கசிவு அங்கேதான். கிளாம்ப் தளர்ந்திருக்கான்னும் பாருங்க.

2. ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. வெளிச்சம் ஊடுருவலைன்னா மாற்றிடுங்க.

புகை நீலமா இருந்தால் நான் சொன்னது பொருந்தாது. எண்ணெய் எரியுது, டர்போவை மெக்கானிக்கிடம் காட்டாமல் மலை ஏறாதீங்க.

பின்சீட்டில் ஏசி எட்டலைன்னும் கேட்டிருந்தீங்க. எஸ்டேட்டில் டிக்கியும் கேபினும் ஒரே அறை, பெரிய பின்கண்ணாடி வழியா வெயிலும் இறங்கும். டிக்கித் திரையை இழுத்து மூடி, காற்றை உள்சுழற்சியில் வைங்க. வேலூர் மே மாத வெயிலிலேயே வித்தியாசம் தெரியும்.