கேள்வி – பதில்: திரையில் சீனக் கோட்டுக்குறிகள்

கீழக்கரை வாசகர்: சங்குப் பொருள் விற்கும் எங்கள் கடையின் இணையதளத்துக்கு, பழைய சீனக் குறிநூலான 'ஐ சிங்'கில் வரும் எட்டுக் குறிகளை (முழுக்கோடும் உடைந்த கோடுமாக மும்மூன்று கோடுகள்) ஐகான்களாக வைக்கப்போகிறோம். எழுத்துருவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், ஆனால் வேண்டாம். எல்லா எழுத்துக்கும் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) 9776 முதல் 9783 வரை எட்டும் இருக்கின்றன. போனுக்குப் போன் எழுத்துரு மாறும்போது கோட்டின் தடிமனும் மாறும். குறி இல்லாத எழுத்துரு என்றால் வெறும் கட்டம்தான் தெரியும். எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவில் வரைந்துவிடுங்கள். 24க்கு 24 கட்டத்தில் நாலு பக்கமும் 2 அலகு விடுங்கள். 4 அலகு தடிமனில் மூன்று கோடுகள், நடுவே 4 அலகு வெளி. முழுக்கோட்டின் நீளம் 20. உடைந்த கோடு 8, வெளி 4, மறுபடி 8.

கோட்டு முனையை உருண்டையாக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு முனையும் தடிமனில் பாதி, அதாவது 2 அலகு, நீளும். இரு பக்கமும் சேர்ந்தால் அந்த 4 அலகு வெளி அடைபட்டு, நீர்க் குறி வானக் குறியாகிவிடும். முனை தட்டையாகவே இருக்கட்டும்.

அழகுக்காகத் தலைகீழாகத் திருப்புவதும் ஆபத்து. வானம், நிலம், நீர், நெருப்பு நான்கும் திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும். இடி மலையாகும், ஏரி காற்றாகும். மூன்று கோட்டு மெனு பொத்தானுக்கு 9776ஐப் போடும் வழக்கத்தையும் விடுங்கள். அது வானக் குறி. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதை மெனு என்று படிக்காது.

மண்டபம் வாசகர்: மூன்று நாணயம் போட்டுக் குறி பார்க்கும் செயலி எழுதுகிறேன். 6 முதல் 9 வரை ரேண்டமாக ஓர் எண் எடுக்கிறேன். மாறும் கோடுகள் (முழுக்கோடு உடைந்ததாகவும் உடைந்தது முழுதாகவும் மாறுபவை) அளவுக்கு மீறி வருகின்றன. ஏன்?

நான்கு எண்ணுக்கும் சமவாய்ப்பு கொடுத்ததுதான் காரணம். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று மூன்று நாணயத்தைக் கூட்டினால் 6க்கு எட்டில் 1, 7க்கு 3, 8க்கு 3, 9க்கு 1. மாறுபவை 6ம் 9ம் மட்டுமே. ஒரு முழுக் குறிக்கு ஆறு கோடு; அதில் சராசரி ஒன்றரை மாற வேண்டும். உங்கள் நிரலில் மூன்று மாறும். நாணயங்களைத் தனித்தனியாகவே உருட்டிக் கூட்டுங்கள். நாணயத்துக்குப் பதில் செடித் தண்டுகளைப் பிரித்து எண்ணும் தண்டுக்குச்சி முறையைக் கொடுப்பதானால் கணக்கு வேறு: 6, 7, 8, 9க்குப் பதினாறில் முறையே 1, 5, 7, 3.

முதலில் விழுவது அடிக்கோடு. கீழிருந்து மேலே அடுக்குங்கள். மேலிருந்து அடுக்கினால் 63ஆம் குறி 64 ஆகிவிடும். ஆறுகோட்டுக் குறிகளின் ஒருங்குறி எண் 19903உடன் குறியின் வரிசை எண்ணைக் கூட்டினால் வரும். அந்த வரிசை பழைய சீனத்து வென் மன்னர் பெயரால் வழங்குவது, இரும எண் (0, 1 மட்டும் கொண்ட எண்) வரிசை அல்ல. ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1703இல் இரும எண்ணோடு ஒப்பிட்டது வேறொரு வரிசையை. அதனால் கோடுகளைக் கொண்டு வரிசை எண்ணைக் கண்டுபிடிக்க 64 வரி அட்டவணை ஒன்று கட்டாயம் வேண்டும்.

பாம்பன் வாசகர்: படகுக்காரர்களுக்கான காற்றுச் செயலியில் எட்டுத் திசைக்கும் எட்டுக் குறி வைக்கலாமா?

எட்டுக் குறிகளையும் திசைக்கொன்றாக வைக்கும் சீன வட்டத்தில் தெற்குதான் மேலே. வென் மன்னர் அடுக்கில் நெருப்பு தெற்கு, நீர் வடக்கு, இடி கிழக்கு, ஏரி மேற்கு. வடக்கை மேலே வைத்த வரைபடத்தில் அப்படியே ஒட்டினால் எல்லாம் எதிர்த்திசையைக் காட்டும். 180 பாகை நகர்த்தி வையுங்கள், குறிகளை மட்டும் நிமிர்ந்தபடியே விடுங்கள். அதோடு, காற்றின் பெயரை வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கடலில் யாரும் கோடு எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.