சுத்தமான கருப்பட்டி

கேள்வி: அப்பா கருப்பட்டி காய்ச்சும்போது சீனி கலக்கிறார். என் கல்லூரிக் கட்டணமே அந்தப் பணம்தான். இன்ஸ்டாகிராமில் 'சுத்தமான உடன்குடிக் கருப்பட்டி' என்று போட்டு ஆர்டர் பிடிப்பது என் வேலை. அதிகாரிகளிடம் சொன்னால் அப்பாவுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் வாங்குகிறவர்களுக்குத் துரோகம். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், திசையன்விளை

பதில்: இந்த 'சுத்தமான'வோடு எனக்குப் பழைய பகை. நெல்லை ஜங்ஷனில் இறங்கினால் ஒரு கடையில் சுத்தமான நெய் அல்வா, எதிர்க்கடையில் மிகச் சுத்தமான நெய் அல்வா. வெறுமனே 'அல்வா' என்று எழுதி வைத்திருக்கிறவரைத் தேடிப்போய் கால் கிலோ வாங்குகிற ஆள் நான். நம் பத்திரிகைக்கே 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' என்று ஒரு விளம்பரம் வந்தது. முதல் வார்த்தையை எடுத்துவிட்டால் போடுகிறேன் என்றேன். அவர் விளம்பரத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, தம்பி. சீனியைக் கலக்குவது அப்பா. 'சுத்தமான' என்பதைக் கலக்குவது நீர். அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, துரோகத்தை மட்டும் இரண்டாகப் பங்கு வைத்திருக்கிறீர். அதிகாரி அப்புறம் வரட்டும். இன்றைக்கே அந்த விளம்பரத்தை எடும். ஏன் எடுத்தாய் என்று அப்பா கேட்பார். அப்போது முகத்துக்கு நேரே காரணத்தைச் சொல்லும். போதாததற்கு 'உடன்குடி' வேறு! அந்தக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பகுதிச் சரக்குக்கு மட்டுமே அந்தப் பெயர் என்கிற அடையாளம், கிடைத்திருக்கிறது. 1986-இல் நெல்லை மாவட்டத்தைப் பிரித்தபோது தூத்துக்குடிப் பக்கம் போன ஊரை, நெல்லைப் பக்கமே இருக்கிற உம் திசையன்விளைக்கு நீர் தனியாளாகத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டீர்.

உம் கணக்கில் விட்டுப்போன ஆள் ஒருவர் உண்டு: பனையேறி. காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குகிற பதநீரை 8 முதல் 10 லிட்டர் காய்ச்சினால்தான் அவருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. சீனி மூட்டைக்கு மரம் ஏற வேண்டாம். உம் வீட்டு விலைக்கு அவர் விற்றால் விறகுக் காசுகூடத் தேறாது.

கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் கேளும். 4 லட்சம் வரை அடமானம் கிடையாது. ஆனால் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆகவே சண்டையை அளவோடு போடும்.

'சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்' என்றும் போட்டிருக்கிறீரா? அதையும் எடுத்துவிடும். கலப்படமே இல்லாத கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. இதை முன்பு எழுதியதற்குப் பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கோபப்பட்டுச் சந்தாவை நிறுத்தினார். கருப்பட்டிக் காபியை நிறுத்தவில்லை.